இரண்டு டிராக், ஒரே சுருதி

டிஜே செட்டில் ஓடிக்கொண்டிருக்கும் டிராக் முடியும் முன்பே அடுத்தது உள்ளே வந்துவிடும். டெக்னோவில் இரண்டும் சேர்ந்து ஒலிக்கும் நேரம் நீளமானது. 32 பார் அளவுக்குக் கலப்பது சாதாரணம். நிமிடத்துக்கு 128 பீட் வேகத்தில் அது சரியாக ஒரு நிமிடம். அவ்வளவு நேரம் இரண்டு டிராக்குகள் ஒன்றாக ஓட, தாளம் பொருந்தினால் மட்டும் போதாது. சுருதியும் ஒத்துப்போக வேண்டும். அதைப் பார்த்துக் கலப்பதே ஹார்மோனிக் மிக்ஸிங்.

ஒரு டிராக்கின் ஆதாரச் சுரமும் அது எடுத்தாளும் சுரங்களும் சேர்ந்ததே அதன் கீ. ஏ மைனருக்கும் சி மேஜருக்கும் ஏழு சுரங்களும் ஒன்றே, ஆதாரம் மட்டும் வேறு. கர்நாடக இசையில் பழகியவர்களுக்கு இது கிரகபேதம்: சங்கராபரணத்தின் தைவதத்தைச் சட்ஜமாகக் கொண்டால் நடபைரவி கிடைக்கும். ஏ மைனருக்கும் ஈ மைனருக்கும் ஏழில் ஆறு சுரங்கள் பொது. ஆனால் ஏ மைனருக்கும் அரைச் சுரம் மேலே இருக்கும் பி ஃபிளாட் மைனருக்கும் பொதுவானவை இரண்டே.

இந்த உறவுகளை இசைப் பாடம் படிக்காதவரும் கையாளும்படி மார்க் டேவிஸ் வகுத்ததுதான் கேமலாட் சக்கரம். அடிப்படை, மேற்கத்திய இசையின் பழைய ஐந்தாம் சுரச் சுற்றுதான். கீயின் பெயருக்குப் பதிலாக, கடிகார முகப்பைப் போல 1 முதல் 12 வரை எண்கள்; மைனருக்கு ‘ஏ’, மேஜருக்கு ‘பி’. ஏ மைனர் 8ஏ ஆகிறது. அங்கிருந்து பக்கத்து எண்களான 7ஏ, 9ஏ ஆகியவற்றுக்கும் அதே எண்ணின் 8பி-க்கும் தயங்காமல் போகலாம். 10ஏ-க்குத் தாவினால் சுருதி ஒரு முழுச் சுரம் ஏறும். கலப்பைச் சுருக்கமாக முடித்துக்கொண்டால் கூட்டத்தின் வேகம் கூடியதாகத் தோன்றும்.

வேகத்தை மாற்றினால் சுருதியும் மாறும் என்பதுதான் இசைத்தட்டுக் காலத்தின் தலைவலி. 1979-இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2-வில் வேகத்தை 8 சதவீதம் வரை கூட்டலாம், குறைக்கலாம். ஏறக்குறைய 6 சதவீதத்துக்கே அரைச் சுரம் நகர்ந்துவிடும்: வேகத்தைக் கூட்டினால் 8ஏ டிராக் 3ஏ ஆகிவிடும். 126 பிபிஎம் டிராக்கை 130-க்கு இழுத்தால் நிலைமை இன்னும் மோசம். அது இரண்டு கீக்களுக்கு நடுவே, எதிலும் சேராமல் நிற்கும். டிஜிட்டல் பிளேயர்களின் மாஸ்டர் டெம்போ வசதி சுருதியைப் பிடித்து வைத்துக்கொண்டு வேகத்தை மட்டும் மாற்றுகிறது. அதிகம் இழுத்தால் ஒலியின் கூர்மை மழுங்கும்; ஓரிரு சதவீதத்துக்குள் நிற்பதே நல்லது.

டெக்னோவில் உரசல் முதலில் தெரியும் இடம் பாஸ். 55 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் ஏ சுரத்தோடு 58.3 ஹெர்ட்ஸில் இருக்கும் பி ஃபிளாட்டைச் சேர்த்தால், ஒலி நொடிக்கு மூன்று தடவைக்குச் சற்று மேல் வீங்கித் தேயும். 130 பிபிஎம்மில் கிக் விழுவதோ நொடிக்கு இரண்டு தடவைக்குக் கொஞ்சம் மேல். இரண்டும் ஒட்டாது, தரை அதிரும் ஸ்பீக்கரில் தாளமே கலங்கியதாகத் தோன்றும். ஆகவே உள்ளே வரும் டிராக்கின் பாஸை ஈக்யூவில் முழுக்க வெட்டி வைத்து, பாகம் மாறும் இடத்தில் பழையதை இறக்கிப் புதியதை ஏற்றுவார்கள். கீ பொருந்தும் டிராக்குகளுக்கும் இதுவே முறை. இரண்டு கிக் ஒன்றன்மேல் ஒன்று விழுவது எந்தக் கீயிலும் நன்றாக இருக்காது.

கீயைக் கண்டுபிடிக்க மிக்ஸ்டு இன் கீ, ரெக்கார்ட்பாக்ஸ் போன்ற மென்பொருள்கள் உண்டு. டெக்னோவில் இவை அதிகம் தடுமாறுகின்றன. தடுமாற்றத்தின் காரணம் இசையிலேயே இருக்கிறது. டெட்ராய்ட் மரபில் ஒரு மைனர் கார்டை அப்படியே சாம்பிள் செய்து, கீபோர்டில் ஒரே விரலால் மேலும் கீழும் நகர்த்துவார்கள். கார்டு மொத்தமாக நகரும்போது எந்த ஒற்றைக் கீயிலும் அது அடங்காது. மென்பொருள் ஏதோ ஓர் எண்ணைத் தந்துவிடும். ஜெஃப் மில்ஸ் பாணியில் தாள ஒலிகளே நிறைந்த டிராக்குக்குத் தரப்படும் எண்ணையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மாறாக, 1993-இல் பெர்லினில் தொடங்கிய பேசிக் சேனல் பாணி டிராக்கில் ஒரே கார்டு பத்து நிமிடம் எதிரொலித்துக்கொண்டே இருக்கும். அங்கே அரைச் சுரம் பிசகினாலும் ஒளிக்க இடமில்லை. சந்தேகம் வந்தால், டிராக்கின் பிரேக்டவுன் பகுதியை ஹெட்ஃபோனில் போட்டு, ஓடிக்கொண்டிருப்பதோடு சேர்த்துக் கேட்பதே நம்பகமான சோதனை.

எண்ணை மட்டும் பார்த்து அடுக்கிய செட்டுக்கு இன்னொரு குறையும் உண்டு: ஒரு மணி நேரம் 8ஏ-யிலேயே ஓடினால் காது மரத்துப்போகும். மூன்று நான்கு டிராக்குகளுக்கு ஒரு கீயில் நின்று, பின்பு நகர்வது நல்லது. தூரத்துக் கீக்குப் போக, கிக்கும் ஹைஹாட்டும் மட்டுமே உள்ள தொடக்கப் பகுதியோ முடிவுப் பகுதியோ போதும். முப்பது நொடி வெறும் தாளம் ஓடினால் பழைய சுருதி நினைவிலிருந்து விலகிவிடும், புதியது எந்த எண்ணில் வந்தாலும் உறுத்தாது.

(தொடரும்)