ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்!

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். எனக்குப் போனவை இரண்டு பற்கள். காரணம் சொத்தை அல்ல, ஒத்திப்போட்டதுதான்.

கொல்கத்தாவுக்கு வந்த நாளிலிருந்து பல் என்றாலே, "லீவில் ஊருக்குப் போகும்போது காட்டிக்கொள்ளலாம்" என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஊருக்குப் போனால் கல்யாணம், கோயில், உறவினர் வீடு என்று பதினைந்து நாளும் ஓடிவிடும். ஹவுராவில் வந்து இறங்கும்போதுதான் பல்லின் நினைவு வரும். பல் தேய்க்கும்போது ஈறில் இரத்தம் கசிந்தது. வலி இல்லை, அதனால் கவலையும் இல்லை. ஐம்பது வயதில் கீழ்வரிசை முன்பற்கள் இரண்டு ஆடத் தொடங்கின. எடுப்பதைத் தவிர வழியில்லை என்றார் டாக்டர். அன்று அவர் விளக்கியதை நம் அன்பர்களுக்கும் சொல்லலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பல்லின் மேல் எப்போதும் கிருமிகள் நிறைந்த மெல்லிய படலம் ஒன்று படிகிறது. தினமும் ஒழுங்காகத் தேய்த்தால் அது போய்விடும். தேய்ப்பது எட்டாத இடத்தில் தங்கினால், உமிழ்நீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து சேர்ந்து சில நாட்களில் கல்லாக இறுகிவிடும். இதைத்தான் காரை என்கிறோம். நாக்கின் அடியில் உமிழ்நீர் சுரப்பதால், கீழ் முன்பற்களின் உட்புறம்தான் இது அதிகம் சேரும். பிரஷ், பற்பொடி, வேப்பங்குச்சி எதற்கும் இந்தக் கல் அசையாது.

காரை ஓரத்தில் ஈறு வீங்கி இரத்தம் கசியும். இந்த நிலையில் சுத்தம் செய்துகொண்டால் ஈறு பழையபடி ஆகிவிடும். விட்டுவிட்டால் பல்லைத் தாங்கும் எலும்பு கரையும். கரைந்த எலும்பு தானாகத் திரும்ப வளராது. இத்தனையும் பெரும்பாலும் வலியே இல்லாமல் நடக்கும். ஆகவே வலி வரட்டும் என்று காத்திருப்பது தவறு.

"கிளீனிங் செய்தால் பல் ஆடும்" என்று என் அத்தை சொல்லுவார், நானும் நம்பினேன். உண்மை வேறு. நுண்ணிய அதிர்வாலும் நீர்ப்பீச்சாலும் காரையைத்தான் உடைக்கிறார்கள், பல்லைச் சுரண்டுவதில்லை. எலும்பு ஏற்கனவே கரைந்திருந்தால், இடுக்கை அடைத்திருந்த கல் போனதும் ஆட்டமும் சந்தும் வெளியே தெரிகின்றன. சில நாள் பல் கூசும், பிறகு குறைந்துவிடும். காபிக் கறை போவது உபரி லாபம்.

எத்தனை மாதத்துக்கு ஒருமுறை போவது? ஆறு மாதம் என்பது பொதுவான வழக்கம். பிரிட்டனில் 2004-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு அவரவர் நிலையைப் பொறுத்து 3 மாதம் முதல் 2 ஆண்டு வரை என்றும், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதிகபட்சம் ஓராண்டு என்றும் சொல்கிறது. உங்கள் இடைவெளியை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அடிக்கடி காட்டுவது நல்லது. சர்க்கரை ஏறினால் ஈறு கெடும். ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினம். புகைப்பவர்களுக்கு இரத்தக் கசிவு குறைவாகவே தெரியும். நோய் மறைந்தே வளரும். ஜர்தா பான் போடுபவர்கள் வாயின் உட்புறத்தையும் சேர்த்துக் காட்ட வேண்டும். புற்றுநோயின் தொடக்கம் அங்கே தெரியக்கூடும்.

இன்னொரு வேடிக்கை. இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை டாக்டர் ஆர். அகமது 1920-இல் தொடங்கியது இதே ஊரில்தான். அவர் பெயரிலேயே அது இன்று சியால்தா அருகில் அரசுக் கல்லூரி மருத்துவமனையாக நடக்கிறது. அதை அருகில் வைத்துக்கொண்டு நான் ஊர் லீவுக்குக் காத்திருந்தேன்! மொழியும் தடையில்லை. வங்காளத்தில் ஈறுக்கு 'மாடி' என்று பெயர். அதுவும் வராவிட்டால் விரலால் காட்டினால் போதும்.

இப்போது என் மனைவி, பிள்ளைகள் எல்லோரும் இங்கேயே காட்டிக்கொள்கிறார்கள். நாளைக் காலை பல் தேய்த்துத் துப்பும்போது ஒருமுறை கவனியுங்கள். சிவப்பாகத் தெரிந்தால், அடுத்த லீவுக்குக் காத்திருக்காதீர்கள்.