35 வயதில் பல்லுக்கு கிளிப் போடலாமா? பனியன் கம்பெனி வேலைக்கு நடுவே சமாளிக்க முடியுமா?

பல்லுக்கு கிளிப் என்றாலே பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான் நினைவுக்கு வருவார்கள். ஆனால், அந்த வயதில் கிளிப் போட நம் வீடுகளில் எத்தனை பேருக்கு வசதி இருந்தது? படிப்புச் செலவுக்கே தவித்த வீட்டில் தெத்துப்பல்லை யாரும் ஒரு பிரச்னையாக எடுத்துக்கொண்டதில்லை. 'தெத்துப்பல் அதிர்ஷ்டம்' என்று பாட்டிகள் சமாதானம் சொன்னதோடு சரி. சொந்தமாகச் சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு, தீபாவளி போனஸ் கைக்கு வரும்போதுதான் அந்தப் பழைய ஆசை திரும்பி வருகிறது. இனிமேல் போட்டால் பல் நகருமா என்ற சந்தேகமும் கூடவே வருகிறது.

நகரும். பல் எலும்பில் நேரடியாக ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. மெல்லிய நார்த்திசு ஒன்று இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. கம்பி லேசாக அழுத்தும்போது, ஒரு பக்கம் எலும்பு கரைந்து வழிவிடும். மறுபக்கம் புது எலும்பு வளர்ந்து இடத்தை நிரப்பும். 13 வயதிலும் இப்படித்தான் நடக்கிறது, 50 வயதிலும் இப்படித்தான். சராசரியாக மாதத்துக்கு 1 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் பல் நகரும் என்பதால், மொத்த சிகிச்சைக்கு ஒன்றரை முதல் இரண்டு வருடம் பிடிக்கும். சிலருக்கு இன்னும் கூடலாம்.

பெரியவர்களுக்கு ஒரு வித்தியாசம் உண்டு. தாடை வளர்ச்சி முடிந்துவிட்டதால், தாடையே முன்னே துருத்தியோ உள்ளடங்கியோ இருந்தால் கம்பி மட்டும் போதாமல் அறுவை சிகிச்சையும் தேவைப்படலாம். வெறும் நெருக்கமும் இடைவெளியும் என்றால் அந்தக் கவலை இல்லை. இடம் போதாதவர்களுக்குக் கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் இருக்கும் சிறு பற்களில் இரண்டையோ நான்கையோ எடுக்கச் சொல்வார்கள். நல்ல பல்லை ஏன் பிடுங்க வேண்டும் என்று பதற வேண்டாம். ஏன் எடுக்கிறார்கள், எடுக்காமல் செய்ய வழி உண்டா என்று எக்ஸ்ரேவைக் காட்டிக் கேளுங்கள்.

முதலில் ஈறைப் பாருங்கள்

அழகை விட முக்கியமான விஷயம் இது. சின்ன வயதில் ஒழுங்காக இருந்த முன்பற்கள் 35, 40 வயதில் விசிறி மாதிரி விரிகின்றன, திடீரென்று இடைவெளி விழுகிறது என்றால், அது ஈறு நோயின் அறிகுறியாக இருக்கலாம். உள்ளே எலும்பு கரைந்து, பிடிமானம் தளர்ந்துதான் பல் இடம் மாறுகிறது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும், பீடி, சிகரெட், புகையிலைப் பழக்கம் உள்ளவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம். அந்த நிலையில் நேராகக் கம்பி போட்டால் இருக்கிற எலும்பும் போய், பல்லே ஆட ஆரம்பித்துவிடும். ஈறு சிகிச்சை முடிந்து, வீக்கமும் ரத்தக்கசிவும் நின்ற பிறகுதான் கம்பி. ஈறைச் சோதிக்காமல், எக்ஸ்ரே எடுக்காமல் முதல் நாளே கம்பி ஒட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், எழுந்து வந்துவிடலாம் என்பேன். எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

கீழ்வரிசை முன்பற்களில் வயதாக ஆகக் கொஞ்சம் நெருக்கம் வருவது வேறு கதை. அது பலருக்கும் இயல்பாகவே நடப்பது. ஞானப்பல் தள்ளுவதால்தான் என்று சொல்லி அதைப் பிடுங்கிக்கொள்பவர்கள் உண்டு. அந்த நம்பிக்கைக்கு ஆய்வுகளில் வலுவான ஆதாரம் இல்லை.

நூலைக் கடிக்காதீர்கள்

திருப்பூர்க்காரர்களுக்கென்றே ஒரு எச்சரிக்கை. டிரிம்மர் பக்கத்திலேயே கிடக்கும். ஆனாலும் அவசரத்தில் நூலைப் பல்லால் கடித்துத் துண்டிக்கிற பழக்கம் தையல் வேலை செய்பவர்களிடம் உண்டு. வருடக்கணக்கில் நூலைக் கடிப்பவர்களுக்கும், ஊசியைப் பல்லில் கவ்விக்கொள்பவர்களுக்கும் முன்பல் விளிம்பில் சின்னப் பள்ளம் விழும் என்பது பல் மருத்துவத்தில் நெடுங்காலமாகத் தெரிந்த விஷயம். கிளிப் போட்ட பிறகு இதே பழக்கம் தொடர்ந்தால், பல்லில் ஒட்டிய பிராக்கெட் பெயர்ந்து வரும். ஒவ்வொரு முறை பெயரும்போதும் சிகிச்சை சில வாரம் தள்ளிப்போகும்.

டீ டைமில் வரும் வடை, போண்டாவால் பெரிய பாதிப்பில்லை. வாயைக் கொப்பளித்தால் போதும். முறுக்கு, கடலை மிட்டாய், கரும்பு மூன்றையும் மறந்துவிட வேண்டும். கம்பி மாட்டிய நாளிலிருந்து மூன்று நான்கு நாள் வலி இருக்கும் என்பதால் சனிக்கிழமை மாட்டிக்கொள்வது நல்லது. ஞாயிறு ஒருநாள் கஞ்சி, இட்லி என்று ஓட்டிவிட்டுத் திங்கள்கிழமை ஷிப்டுக்குப் போய்விடலாம். அதன் பிறகு நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் போக வேண்டும். பீஸ் ரேட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு அரைநாள் லீவு என்றால் அரைநாள் கூலி போச்சு. எனவே, ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும் கிளினிக்கா என்பதை முன்பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.

செலவு எவ்வளவு?

தனியார் கிளினிக்குகளில் உலோகக் கம்பிக்குச் சுமார் 30,000 ரூபாயிலிருந்து சொல்கிறார்கள். பல் நிறத்திலேயே இருக்கும் செராமிக் என்றால் கூடும். கழற்றி மாட்டக்கூடிய கண்ணாடி போன்ற அலைனர் லட்சத்தைத் தொடும், தாண்டவும் செய்யும். பல் மருத்துவக் கல்லூரிகளில் மேற்படிப்பு மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் சிகிச்சை தருவதால் பொதுவாகக் கட்டணம் குறைவு. காத்திருக்கும் நேரம்தான் கூடுதல். திருப்பூரிலிருந்து போய்வரும் தூரத்தில் கோவையில் ஸ்ரீ ராமகிருஷ்ணா, சூலூர் அருகே கண்ணம்பாளையத்தில் ஆர்.வி.எஸ்., குமாரபாளையத்தில் ஜே.கே.கே. நட்ராஜா, திருச்செங்கோட்டில் கே.எஸ்.ஆர். என்று கல்லூரிகள் இருக்கின்றன. பஸ் செலவையும் போகிற நாளின் கூலியையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எங்கே போனாலும் முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டாதீர்கள். அமெரிக்காவில், கிளினிக்குக்கே போகாமல் தபாலில் அலைனர் வாங்கிக்கொள்ளும் முறையைப் பிரபலமாக்கிய ஸ்மைல் டைரக்ட் கிளப் நிறுவனம், 2023 டிசம்பரில் ஒரே நாளில் கடையை மூடியது. பாதி சிகிச்சையில் இருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். தவணையில் வாங்கியவர்கள் மீதிப் பணத்தைத் தொடர்ந்து கட்ட வேண்டும் என்று வேறு சொன்னார்கள்! அலைனரே மோசம் என்று சொல்லவில்லை. தினமும் 20 முதல் 22 மணி நேரம் மாட்டியிருக்க வேண்டும், டாக்டர் நேரில் பார்க்க வேண்டும். இந்த இரண்டும் நடந்தால் பலன் கிடைக்கும்.

பி.டி.எஸ். முடித்து, அதன்மேல் பல் சீரமைப்பில் மூன்று வருட எம்.டி.எஸ். படித்தவர்தான் இதில் நிபுணர். சிக்கலான பல் என்றால் அவரையே தேடிப் போவது நல்லது. பல கிளினிக்குகளில் இவர்கள் மாதத்தில் சில நாள்தான் வருவார்கள் என்பதால், உங்களைத் தொடர்ந்து பார்க்கப்போவது யார் என்று பெயர் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியூரிலிருந்து வந்து கம்பெனி ஹாஸ்டலிலோ வாடகை அறையிலோ தங்கி வேலை செய்பவர்கள் ஒன்றுக்கு இரண்டு முறை யோசிக்க வேண்டும். இரண்டு வருடம் இதே ஊரில் இருப்போமா என்பதுதான் கேள்வி. பாதியில் ஊர் மாறி, கம்பியை அப்படியே வாயில் விட்டுவிட்டால் பல்லைச் சுற்றிச் சொத்தை விழும். போயே ஆக வேண்டும் என்றால் எக்ஸ்ரே, பல் அச்சு, இதுவரை என்ன செய்தார்கள் என்ற குறிப்பு எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொண்டு, ஊரில் வேறு டாக்டரிடம் தொடரலாம்.

கம்பியைக் கழற்றிய பிறகும் வேலை மிச்சமிருக்கிறது. பல் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்க ரிட்டெய்னர் தருவார்கள். பெரியவர்கள் அதை வருடக்கணக்கில், பெரும்பாலும் இரவில் மட்டும், மாட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். சாப்பிடும்போது கழற்றிப் பேப்பரில் சுற்றி வைத்துவிட்டு, இலையோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடுவதுதான் இது தொலையும் வழக்கமான வழி. அதற்கென்று தரும் டப்பாவை மதியச் சாப்பாட்டுப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.