மாறுவனவும் மாறாதனவும்



தலைமையாசிரியராக இருந்த காலத்தில் பல ஆண்டுகள் நான் அரசுப் பொதுத் தேர்வு மையங்களுக்கு முதன்மைக் கண்காணிப்பாளராகச் சென்றிருக்கிறேன். கன்னியாகுமரியில் தேர்வெழுதும் மாணவனுக்கும் திருத்தணியில் எழுதும் மாணவிக்கும் வினாத்தாள் ஒன்றே. அதில் ஓர் எழுத்தையேனும் மாற்ற எனக்கு உரிமை இல்லை. ஆனால் எந்தப் பதிவெண் எந்த அறையில் அமர்வது, எந்த அறைக்கு எவர் கண்காணிப்பாளர் என்பன மையத்துக்கு மையம் வேறுபடும். அவற்றை வினாத்தாளில் அச்சிடுவதில்லை. தனித் தாளில் எழுதி வாயிற்பலகையில் ஒட்டுகிறோம். இவ்வெளிய ஏற்பாட்டின் அருமையை, ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு ஒரு கணிப்பொறியே எனக்கு உணர்த்திற்று.

அப்பொழுது நான் பணியாற்றிய பள்ளியில், மதிப்பெண்களைப் பதிந்து பெற்றோரின் கைபேசிக்குச் செய்தி அனுப்பும் மென்பொருள் ஒன்றை நிறுவினார்கள். அலுவலகத்தில் இருந்த பொறியில் உண்மையான மதிப்பெண்கள். ஆய்வகத்தில் இருந்த மற்றொரு பொறியில் பழகிப் பார்ப்பதற்காக அதே மென்பொருளின் படி. ஆசிரியர்கள் பயிற்சிக்காக மனம்போன எண்களை அதில் பதிந்தார்கள். அன்று மாலை அப்பயிற்சிப் பொறி, தான் பயிற்சிப் பொறி என்பதை அறியாமல், உண்மையான பெற்றோர்களுக்குச் செய்தி அனுப்பிவிட்டது. மறுநாட்காலை ஒரு மாணவி தன் தாயோடு என் அறை வாயிலில் வந்து நின்றாள். மூன்று பாடங்களில் தோல்வி என்று தந்தைக்குச் செய்தி போயிருந்தது. படிப்பு போதும் என்ற பேச்சு இரவே அவ்வீட்டில் எழுந்துவிட்டது. அவளோ வகுப்பில் நன்கு படிக்கும் பெண். தந்தையை நேரில் கண்டு அவரை நம்பவைக்க எனக்கு இரண்டு நாட்கள் ஆயின.

பிழை எங்கே இருந்தது? மென்பொருளில் இல்லை. அலுவலகப் பொறியில் இருந்த எல்லாவற்றையும் அப்படியே நகலெடுத்து ஆய்வகப் பொறியில் இட்டிருந்தார்கள். செய்தி அனுப்பும் நிலையத்தின் முகவரியும் அதற்குரிய கடவுச்சொல்லும் அந்நகலோடு சேர்ந்தே போய்விட்டன.

இனி, பெரிய நிறுவனங்களில் நடப்பதைக் காண்போம். ஒரு மென்பொருள் முதலில் அதை எழுதுபவருடைய பொறியில் ஓடும். பின்னர்ச் சோதனைச் சர்வரில். இறுதியில் மக்கள் பயன்படுத்தும் சர்வர்களில். சர்வர் என்பது, பலர் கேட்பதற்கு விடையளித்துக்கொண்டே இருக்கும் கணிப்பொறி. சேவையகம் என்றும் தமிழில் வழங்குகிறோம். ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு மென்பொருளைச் சோதித்துச் சோதித்துத் தானாகவே கொண்டு செல்லும் ஏற்பாட்டைப் பைப்லைன் என்பர். இப்பயணத்தில் நிரல் மாறலாகாது. ஆனால் தரவுத்தளம் எங்கே உள்ளது, அதன் கடவுச்சொல் யாது, பணம் செலுத்தும் வாயில் மெய்யானதா ஒத்திகைக்குரியதா என்பன இடத்துக்கு இடம் மாறியே தீரும். இவ்வாறு மாறுவனவற்றை அமைவுகள் என்போம்.

அமைவுகளைக் கையாளத் தொடக்கத்தில் பலரும் கைக்கொள்ளும் வழிகள் தவறானவை. ‘இந்தச் சர்வரின் பெயர் இதுவானால் இவ்வாறு செய்க, அதுவானால் அவ்வாறு செய்க’ என்று நிரலுக்குள்ளேயே எழுதிவிடுவது ஒன்று. நாளை ஒரு புதிய சர்வர் வந்தால் நிரலையே திருத்தவேண்டி வரும். வினாத்தாளிலேயே ஒவ்வொரு மையத்தின் இருக்கை வரிசையையும் அச்சிட்டதற்கு இது ஒப்பாகும். சர்வர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிரற்படி வைத்துக்கொள்வது மற்றொன்று. அப்படியானால் சோதனையில் தேறியது ஒரு படி, மக்கள் பயன்படுத்துவது வேறொரு படி; சோதனைக்கே பொருள் இல்லாமற் போய்விடும். இவற்றினும் கொடியது, ஒருவர் நள்ளிரவில் சர்வருக்குள் நுழைந்து கையால் ஒரு வரியைத் திருத்திவிட்டு, அதை எங்கும் குறித்து வையாமல் உறங்கப் போய்விடுவது. அச்சர்வர் ஏன் அவ்வாறு இருக்கிறது என்பதை ஆறு திங்கள் கழித்து அவராலேயே சொல்ல இயலாது.

சரியான வழி பழமையானதே. யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தில் நிரல்கள் ஓரிடத்திலும், அந்தப் பொறிக்கே உரிய அமைவுக் கோப்புகள் வேறொரு அடைவிலும் இருக்கும். 1979-இல் பெல் ஆய்வுக்கூடம் வெளியிட்ட அதன் ஏழாம் பதிப்பில், நிரல் ஓடத் தொடங்கும்போதே அதற்குச் சில பெயர்களையும் மதிப்புகளையும் வெளியிலிருந்து ஊட்டும் முறை வந்தது. அவற்றைச் சூழல் மாறிகள் என்கிறோம். ஏறத்தாழ 2011-இல், அமெரிக்காவின் ஹெரோக்கு நிறுவனத்தைச் சேர்ந்த ஆடம் விக்கின்ஸ், வலைவழி மென்பொருள்களுக்குப் பன்னிரண்டு நெறிகளை வகுத்தார். அவற்றுள் ஒன்று அமைவுகளைச் சூழல் மாறிகளில் வைக்கவேண்டும் என்பது. நிரல் முழுவதையும் இந்தக் கணமே உலகத்தார் முன் வெளியிட்டாலும் ஒரு கடவுச்சொல்லும் வெளிப்படாதிருக்குமா? அமைவுகள் நிரலினின்று பிரிந்துள்ளனவா என்பதை அறிய அவர் காட்டிய உரைகல் இதுவே.

இந்நெறியை நான் முழுமையாக ஏற்பதற்கில்லை. ஒரு நிரல் தூண்டிவிடும் பிற நிரல்களுக்கும் சூழல் மாறிகள் தாமாகவே சென்று சேரும். பிழை நேரும்போது பதிவேட்டில் அவை அப்படியே அச்சாகிவிடுவதும் உண்டு. ஆகவே கடவுச்சொற்களுக்கு மட்டும் தனிப் பெட்டகம் வைப்பது நன்று. தேர்வு மையத்தில் இருக்கைப் பட்டியலைப் பலகையில் ஒட்டுவோம். வினாத்தாள் உறையையோ முத்திரையோடு வைத்திருந்து, இரு மாணவர்கள் பார்த்துக் கையொப்பமிட்ட பிறகே பிரிப்போம். இரண்டையும் ஒரே இடத்தில் வைக்க எவரும் துணியமாட்டார்.

இவை வெறும் ஒழுங்கு பற்றிய செய்திகள் என்று எண்ணுவோர்க்கு 2012-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் நிகழ்ந்ததைச் சொல்ல விரும்புகிறேன். அமெரிக்காவில் நைட் கேப்பிடல் என்னும் பங்கு வணிக நிறுவனம் இருந்தது. பங்கு ஆணைகளைச் சந்தைக்கு அனுப்பும் மென்பொருள் அங்கே எட்டுச் சர்வர்களில் ஓடியது. நியூயார்க் பங்குச் சந்தையில் அன்று தொடங்கவிருந்த புதிய திட்டத்திற்காக, முந்திய சில நாட்களில் புதிய நிரலை ஏற்றினார்கள். ஏற்றியவர் ஏழு சர்வர்களில் ஏற்றினார், எட்டாவதை விட்டுவிட்டார். மற்றொருவர் சரிபார்க்கவேண்டும் என்ற எழுதப்பட்ட நெறி அங்கே இல்லை.

இத்துடன் வேறொன்றும் சேர்ந்தது. புதிய நிரலை இயக்குவதற்கு ஒரு கொடியைப் பயன்படுத்தினார்கள். கொடி என்பது ஆம், இல்லை என இரண்டே நிலைகள் உடைய ஓர் அமைவு. அதே கொடி முன்னொரு காலத்தில், ‘பவர் பெக்’ என்ற பழைய பகுதியை இயக்குவதற்கு உரியதாய் இருந்தது. அப்பகுதியை 2003-லேயே பயன்படுத்துவதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் நிரலிலிருந்து நீக்கவில்லை. வாங்கவேண்டிய அளவு வாங்கியாயிற்றா என்று எண்ணிப் பார்க்கும் பகுதியை 2005-இல் வேறிடத்துக்கு மாற்றியபோதும் பவர் பெக்கைச் சோதித்துப் பார்க்கவில்லை. ஆகவே சந்தை திறந்ததும், ‘ஆம்’ என்ற ஒரே சொல்லை ஏழு சர்வர்கள் ஒரு விதமாகவும் எட்டாவது சர்வர் வேறு விதமாகவும் பொருள் கொண்டன. போதும் என்பதை அறியாத அந்தச் சர்வர் ஆணைகளை அனுப்பிக்கொண்டே இருந்தது.

வாடிக்கையாளர் தந்த ஆணைகள் 212 மட்டுமே. அவற்றுக்காக ஏறக்குறைய 45 நிமிடங்களில், 154 நிறுவனங்களின் பங்குகளில், 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வணிகங்கள் நடந்தேறின. கைமாறியவை 39 கோடியே 70 லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குகள். இடையில் காரணம் அறியாது திகைத்த பொறியாளர்கள் புதிய நிரலின்மேல் ஐயுற்று, ஒழுங்காக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் அதை நீக்கினார்கள். கொடி மட்டும் ‘ஆம்’ என்றே நின்றது. அதனால் அவ்வேழிலும் பழைய பகுதி விழித்துக்கொண்டது! நிரலும் அமைவும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கவேண்டியவை. ஒன்றைப் பின்னோக்கி எடுத்தால் மற்றதையும் எடுக்கவேண்டும். இழப்பு 46 கோடி டாலருக்கு மேல். அடுத்த ஆண்டு அந்நிறுவனம் வேறொன்றோடு இணைந்து தனிப்பெயர் இழந்தது. அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் 1 கோடியே 20 லட்சம் டாலர் தண்டமும் விதித்தது.

எனக்கு மிகவும் வருத்தம் தந்தது வேறு ஒரு குறிப்பு. அன்று சந்தை திறக்குமுன்பே அந்நிறுவனத்தின் பொறிகள் ‘பவர் பெக்’ பெயரைச் சுட்டி 97 மின்னஞ்சல்களைத் தாமாகவே அனுப்பியிருந்தன. எச்சரிக்கையாக அவை வகுக்கப்படவில்லையாதலால் அவற்றின்மேல் எவரும் செயற்படவில்லை.

எட்டுச் சர்வர்களும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கும் வேலையை மனிதக் கண்ணுக்கு விடாமல் பொறிக்கே விடலாம். நார்வேயின் ஆஸ்லோ நகரில் மார்க் பர்கெஸ் என்னும் அறிஞர் 1993-இல் சி.எஃப். எஞ்சின் என்ற கருவியை உருவாக்கினார். சர்வர் எவ்வாறு இருத்தல் வேண்டும் என்று நாம் எழுதி வைத்தால், அது உண்மை நிலையை அவ்வெழுத்தோடு ஒப்பிட்டு, வேறுபட்டதைத் திருத்தும். பப்பெட், ஷெஃப், ஆன்சிபிள் முதலியன அதன் பின்னே வந்தவை. இவற்றில் எதைக் கற்றாலும், தேவையான அமைவு ஒன்று கிடைக்காதபோது நிரல் என்ன செய்கிறது என்பதை மறவாமல் கேளுங்கள். தானாக ஒரு மதிப்பை ஊகித்துக்கொண்டு ஓடும் நிரலை நான் நம்பேன். குறைவது இன்னது என்று பெயர் சொல்லி, தொடக்கத்திலேயே நின்றுவிடும் நிரலே எனக்கு உகந்தது.

எங்கள் பள்ளியிலும் அவ்வாறே செய்தார்கள். மென்பொருளைத் தந்தவர்கள் ஓர் இளைஞரை அனுப்பினார்கள். அவர் நிரலைத் தொடவில்லை. செய்தி நிலையத்தின் முகவரியையும் கடவுச்சொல்லையும் ஆய்வகப் பொறியிலிருந்து நீக்கினார். நிரல் ஓட மறுத்தது. பின்னர்ச் சோதனைக்குரிய வேறொரு கடவுச்சொல்லைக் கொடுத்து, எந்தப் பெற்றோருக்கு உரிய செய்தியாயினும் ஒரே எண்ணுக்குச் செல்லுமாறு அமைத்தார். எவருடைய எண்ணை இடுவது என்று கேட்டார்; என்னுடையதைத் தந்தேன். அடுத்த பயிற்சி நாளன்று மாலை, பள்ளி மாணவர் அனைவரும் தோற்றதாகவும் தேறியதாகவும் நூற்றுக்கணக்கான செய்திகள் என் கைபேசிக்கு வந்து குவிந்தன. இரவு உணவு முடியும் வரையில் அது அதிர்ந்துகொண்டே இருந்தது.