வீட்டு வாசலில் வண்டி வழி: கலவை போடும் முன் அனுமதி பெறுவோம்

நம் தருமபுரி மாவட்டத்து வணிகர்களில் பலருக்கு வீடும் கடையும் ஒரே கூரையின் கீழ்தான். முன்னால் கடை, பின்னால் குடும்பம். அல்லது கீழே சரக்கு, மேலே குடித்தனம். வியாபாரம் சற்று வளர்ந்ததும் முதல் தேவையாக வருவது வண்டி வந்து நிற்க ஒரு வழி. புளி மூட்டையோ, பருப்பு மூட்டையோ, எண்ணெய் டின்னோ தெருவிலேயே இறக்கினால் போக்குவரத்துக்கு இடைஞ்சல், கூலியும் கூடுதல். ஆகவே காம்பவுண்ட் சுவரை உடைத்து கேட்டை அகலப்படுத்துகிறோம். சாக்கடை மேல் சிலாப் போடுகிறோம். தெருவிலிருந்து உள்ளே ஏற ஒரு சரிவும் கட்டுகிறோம். கொத்தனார் இரண்டு நாளில் வேலையை முடித்துக் கொடுத்துவிடுவார். யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்ற எண்ணம் பெரும்பாலும் வருவதில்லை.

ஆக்கிரமிப்பு அகற்றும் பணி நடக்கும்போது முதலில் உடைபடுவது இந்தச் சரிவும் சிலாப்பும்தான். அப்போது சங்கத்துக்கு ஓடி வந்து பயனில்லை. என்ன செய்யலாம், எது கூடாது என்பதை வணிகப் பெருமக்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள இந்தக் கட்டுரையை எழுதுகிறோம்.

முதல் கேள்வி: சாலை யாருடையது?

விண்ணப்பம் எழுதும் முன் வாசலில் உள்ள சாலை யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்று அறிய வேண்டும். ஒரே ஊரில் பக்கத்துப் பக்கத்துத் தெருக்கள் வெவ்வேறு துறைக்கு உரியவையாக இருக்கலாம்.

நகராட்சித் தெரு என்றால் ஆணையர். பேரூராட்சித் தெரு என்றால் செயல் அலுவலர். கிராமத் தெரு என்றால் ஊராட்சி. மாநில நெடுஞ்சாலையானால் நெடுஞ்சாலைத் துறையின் உதவிக் கோட்டப் பொறியாளர் அலுவலகத்தை அணுக வேண்டும். 2001ஆம் ஆண்டு தமிழ்நாடு நெடுஞ்சாலைச் சட்டம் சாலை எல்லையை மட்டுமன்றி, கட்டடம் எதுவரை வரலாம் என்ற கோட்டையும் வரையறுக்க இடம் தருகிறது. பத்திரப்படி நம் மனையானாலும் அந்தக் கோட்டுக்கு வெளியே கட்டினால் சிக்கல் உண்டு.

பெங்களூரு–சேலம் சாலை (பழைய எண் 7, இப்போது 44), ஓசூரிலிருந்து இராயக்கோட்டை, பாலக்கோடு வழியாக அதியமான்கோட்டை வரும் 844, அரூர் வழியாகச் செல்லும் 179ஏ ஆகியவை தேசிய நெடுஞ்சாலைகள். இவற்றிலிருந்து நம் மனைக்கு வாகன வழி திறக்க 2002ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் கீழ் நெடுஞ்சாலை நிர்வாகத்தின் அனுமதி தேவை. பேரூராட்சி தலைவரோ ஊராட்சித் தலைவரோ வாய்மொழியாகச் சொன்ன சம்மதம் இங்கே செல்லாது.

இரண்டாவது கேள்வி: மனை எந்தப் பகுதியில் உள்ளது?

நகரின் முழுமைத் திட்டத்தில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் குடியிருப்பு, வணிகம், தொழில், விவசாயம் என்று ஓர் உபயோகம் குறிக்கப்பட்டிருக்கும். மளிகைக்காரர்களுக்கு ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. அன்றாடத் தேவைப் பொருள்களை விற்கும் சிறு சில்லறைக் கடைக்குக் குடியிருப்புப் பகுதியிலும் விதிகள் இடம் தருகின்றன. மொத்த வியாபாரக் குடோனுக்கு அந்தச் சலுகையை எதிர்பார்க்கக் கூடாது. மூட்டை இறக்கும் லாரிக்காக வழி அமைக்கும்போது, நாம் கேட்பது கடைக்கா குடோனுக்கா என்ற கேள்வி தானாக எழும். வழிக்கு மட்டும் அனுமதி வாங்கி, உபயோகத்தை மறைத்தால் பின்னால் இரண்டும் போகும்.

வெள்ளையடித்தல், வர்ணம் பூசுதல், தரை மாற்றுதல் போன்றவற்றுக்கு அனுமதி வேண்டியதில்லை. வீட்டின் முன் அறையைக் கடையாக மாற்றுவது, போர்டிகோவை மூடிக் குடோனாக்குவது ஆகியவை உபயோக மாற்றம். 1971ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி இதற்குத் திட்ட அனுமதி தேவை. அனுமதியின்றிச் செய்ததை நிறுத்தவும் அகற்றவும் அதே சட்டத்தின் 56, 57 பிரிவுகள் அதிகாரம் கொடுக்கின்றன.

இப்போது நடைமுறையில் உள்ளவை 2019ஆம் ஆண்டு தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். குடியிருப்புக் கட்டடத்தில் 10,000 சதுர அடி, 8 குடித்தனம் வரையும், வணிகக் கட்டடத்தில் 2,000 சதுர அடி வரையும் உள்ளாட்சி அமைப்பே அனுமதி தரலாம். அதற்கு மேற்பட்டால் நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்குச் செல்ல வேண்டும்.

2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு இணையத்தில் உடனே அனுமதி கிடைக்கிறது. அது வீட்டுக்கு மட்டுமே. அந்த அனுமதியில் கட்டிவிட்டு முன்புறம் ஷட்டர் போட்டால் அது விதிமீறல்.

சரிவின் கணக்கு

வாகனச் சரிவுக்குப் பொதுவாக ஏற்கப்பட்ட அளவு எட்டுக்கு ஒன்று. அதாவது ஓர் அடி உயரம் ஏற எட்டு அடி நீளம். கடைத் தரை தெருவைவிட ஒன்றரை அடி உயரம் என்றால் 12 அடி நீளம் வேண்டும். இரண்டடி என்றால் 16 அடி. நம் மனையில் முன்பக்கம் விட்டிருக்கும் இடமோ ஐந்தடிதான் என்றால் மீதி எங்கே போகும்? தெருவுக்குத்தான். சரிவு சாலையில் நீண்டுகொண்டு நிற்பதன் காரணம் இதுவே. குறுக்கிக் கட்டினாலோ செங்குத்தாகிவிடும். லோடு வண்டி ஏறாது, மழையில் இருசக்கர வண்டி வழுக்கும்.

ஆகவே சரிவு முழுவதும் நம் எல்லைக்குள் அடங்குமா என்று டேப் வைத்து அளந்து பாருங்கள். அடங்காவிட்டால் வழி வேண்டாம். வண்டியைத் தெரு மட்டத்திலேயே நம் மனைக்குள் நிறுத்தி, கழற்றி எடுக்கக்கூடிய பலகை வழியாக மூட்டையை ஏற்றலாம். இறக்கி முடித்ததும் பலகையை உள்ளே வைத்துவிட வேண்டும். சக்கர நாற்காலியில் வரும் வாடிக்கையாளருக்குப் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற அளவு வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சாக்கடையை மூடிக் கான்கிரீட் கொட்டுவதைப் போன்ற தவறு வேறில்லை. அடைப்பு ஏற்பட்டால் முதலில் தண்ணீர் புகுவது நம் சரக்கு அறைக்குள்தான். சிலாப் போட எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். தூர் வார எடுக்கக்கூடியதாக, சாலை மட்டத்துக்கு மேல் எழாததாகப் போடுங்கள்.

நீதிமன்றங்கள் சொன்னவை

இது சிறு விஷயம், யார் கேட்கப் போகிறார்கள் என்று எண்ணுவோர் மூன்று தீர்ப்புகளை அறிய வேண்டும்.

உடுப்பியில் குடியிருப்புப் பகுதி ஒன்றில் கல்யாண மண்டபமாகத் திட்டமிட்ட கட்டடத்தைத் திரையரங்காக மாற்ற நகராட்சி அனுமதி கொடுத்தது. அப்பகுதிவாசி ஒருவர் வழக்குத் தொடுத்தார். நகரத் திட்டத்துக்கு மாறாக நகராட்சி கொடுத்த அனுமதி செல்லாது என்று 1974இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எப்படியாவது கையெழுத்து வாங்கிவிட்டால் போதும் என்று நினைப்போருக்கு இது பாடம்.

2024 நவம்பர் 13 அன்று, கட்டடங்களை இடிக்கும் முன் 15 நாள் நோட்டீஸ் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் உத்தரவிட்டது. நம்மில் பலர் இதைக் கேட்டு மகிழ்ந்தோம். ஆனால் சாலை, தெரு, நடைபாதை போன்ற பொது இடத்தில் உள்ள அனுமதியற்ற கட்டுமானத்துக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது என்று அதே தீர்ப்பு சொல்கிறது. சாலைக்குள் நீண்ட நம் படியும் சரிவும் அந்த விலக்கில்தான் வரும்.

மூன்றாவது தீர்ப்பு 2024 டிசம்பர் 17இல் வந்தது. உத்தரப் பிரதேசம் மீரட்டில் வீட்டுக்காக ஒதுக்கப்பட்ட மனையில் கடைகள் கட்டப்பட்டிருந்தன. பல ஆண்டு வியாபாரம் நடந்துவிட்டது என்பதையோ, அதிகாரிகள் கண்டுகொள்ளாமல் இருந்தார்கள் என்பதையோ உச்ச நீதிமன்றம் காரணமாக ஏற்கவில்லை, இடிக்க உத்தரவிட்டது. அனுமதியற்ற கட்டடத்தில் தொழில் நடத்த உரிமம் தரக் கூடாது, கட்டட நிறைவுச் சான்றைப் பார்த்த பிறகே வங்கிகள் அதன் மீது கடன் தர வேண்டும் என்றும் கூறியது. ஆக, வாசல் பிரச்சினை உரிமம் வரையும் கடன் வரையும் நீளக்கூடியது.

செய்ய வேண்டியவை

பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, சொத்து வரி ரசீது ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். பழைய கட்டட அனுமதி வரைபடம் இருந்தால் தேடி எடுங்கள். பதிவு பெற்ற பொறியாளரைக் கொண்டு, மனையின் எல்லை, சாலையின் அகலம், சாக்கடை, கேட், சரிவு அனைத்தும் அளவுடன் தெரியும்படி வரைபடம் தயாரியுங்கள். கடைக்கான இடம் எவ்வளவு, வீட்டுக்கான இடம் எவ்வளவு என்பதை உள்ளபடியே குறிப்பிடுங்கள். மின் இணைப்பும் சொத்து வரியும் அதற்கேற்ப இருக்கட்டும். வீட்டு இணைப்பில் கடை நடத்துவது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி தனிக் குற்றச்சாட்டு.

விண்ணப்பம் கொடுக்கும் முன் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். வண்டி எந்த நேரம் வரும், எவ்வளவு நேரம் நிற்கும் என்று சொல்லிவிட்டால் பாதி ஆட்சேபணை தீர்ந்துவிடும். விண்ணப்பத்துக்கு ஒப்புகை பெறாமல் திரும்ப வேண்டாம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மேல்முறையீட்டுக்குக் காலக்கெடு உண்டு.

அலுவலர்களுக்கும் நம் வேண்டுகோள் உண்டு. ஒரு சிலாப்புக்கும் கேட்டுக்கும் அனுமதி கேட்டு வரும் சிறு வணிகரை மாதக்கணக்கில் அலைய விட்டால், அடுத்தவர் கேட்காமலே கட்டுவார். கேட்டு வருபவருக்குக் காலத்தோடு பதில் கொடுப்பதே ஆக்கிரமிப்பைக் குறைக்கும் வழி.

வாசலில் வேலை தொடங்க எண்ணியிருக்கும் அன்பர்கள் கொத்தனாருக்கு முன்பணம் கொடுக்கும் முன் வரைபடத்துடன் சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும், விண்ணப்பம் எப்படி எழுத வேண்டும் என்பதைச் சேர்ந்து பார்ப்போம்.