பெயர் தெரியும் வரை தொடாதீர்கள்

2022 செப்டம்பரில் ஒரு புழுவின் படம் மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் கைபேசி கைபேசியாகப் பரவியது. பச்சை உடம்பு, முள்முள்ளாகக் கிளைகள். கூடவே வயலில் இறந்துகிடக்கும் இருவரின் படம். இந்தப் புழு கொட்டினால் ஐந்து நிமிடத்தில் சாவு என்று ஒரு குறிப்பு. பருத்திக் காட்டில் இறங்கவே பலர் அஞ்சினார்கள். அந்தப் புழு பட்டால் எரியும், தோல் தடிக்கும், ஆளைக் கொல்லாது என்று வேளாண் விஞ்ஞானிகள் விளக்க வேண்டியிருந்தது. படத்தில் இருந்த இருவரும் மின்னல் தாக்கி இறந்தவர்கள்.

நல்ல கேமரா கைபேசியிலேயே வந்துவிட்டதால், மாடித் தோட்டத்தில் கண்ட புழுவைப் பெட்டியில் வைத்து வளர்த்து, தோலுரிப்பதையும் கூடு கட்டுவதையும் படமெடுப்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். இந்த ஆர்வம் வளர வேண்டும் என்பதே என் விருப்பம். செடியைக் கடித்த புழுவை நசுக்காமல் உட்கார்ந்து பார்க்கிற குழந்தை நமக்குக் கிடைப்பது பெரிய காரியம். ஆனால் இதில் உடம்புக்கும் ஆபத்து உண்டு, சட்டத்தின் பக்கமிருந்தும் சிக்கல் உண்டு. இரண்டுமே புழுவின் பெயர் தெரியாமல் கைவைப்பதில்தான் தொடங்குகின்றன.

தோற்றத்தை வைத்து ஆபத்தைக் கணிக்க முடியாது. அரளியிலும் நந்தியாவட்டையிலும் வரும் பருந்து அந்துப்பூச்சியின் புழு விரல் பருமன் இருக்கும். முன்பக்கம் நீலமும் வெள்ளையுமாக இரண்டு பெரிய கண்கள் போன்ற புள்ளிகள், வால் பக்கம் ஒரு கொம்பு. பார்த்தவர் அலறுவார். அந்தக் கண்கள் வெறும் நிறம். கொம்பு குத்தாது. எள்ளிலும் கத்தரியிலும் வரும் இன்னொரு பெரிய புழு, தொந்தரவு செய்தால் தாடையால் கடகடவென்று ஒலி எழுப்பும். அதிலிருந்து வரும் அந்துப்பூச்சியின் முதுகில் மண்டையோடு போன்ற குறி இருப்பதால் அபசகுனம் என்று அடித்துக் கொல்கிறார்கள். பாவம், அது யாருக்கும் ஒரு தீங்கும் செய்வதில்லை.

அஞ்ச வேண்டியது வேறு. தென்னை, மா, ஆமணக்கு இலைகளின் அடியில் ஒட்டியிருக்கும் குட்டையான பச்சைப் புழு, முதுகில் நீலக் கோடும் ஓரங்களில் முள்கொத்துகளுமாக மிக அழகாக இருக்கும். குழந்தையின் கை தானாக நீளும். அந்த முட்களில் நஞ்சு இருக்கிறது, பட்ட இடம் நெருப்பாக எரியும். முருங்கை மரத்தில் கூட்டமாக அப்பியிருக்கும் கம்பளிப்பூச்சியையும், நிலக்கடலைக் காட்டுச் சிவப்புக் கம்பளிப்புழுவையும் நம்மூரில் தெரியாதவர் இல்லை. இவற்றின் ரோமம் உடம்பை விட்டு உதிர்ந்த பிறகும் அரிக்கும். உரித்துப் போட்ட தோலில், கூட்டில், பெட்டியின் மூலையில் இருக்கும் ரோமம் போதும். ஆகவே ரோமமோ முள்ளோ உள்ள எதையும் வீட்டுக்குள் வளர்க்காதீர்கள். செடியிலேயே வைத்துத் தள்ளி நின்று படமெடுங்கள்.

பட்டுவிட்டால் தேய்க்கக் கூடாது. கையில் கிடைத்த பச்சிலையைக் கசக்கித் தேய்ப்பது நம் வழக்கம். தேய்க்கத் தேய்க்க ரோமம் தோலுக்குள் இறங்கும். செலோ டேப்பை அந்த இடத்தில் ஒட்டி மெல்ல உரித்தெடுங்கள், ஒவ்வொரு முறையும் புதிய துண்டு. பிறகு சோப்பு போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய பனிக்கட்டியால் ஒற்றடம் கொடுங்கள். போட்டிருந்த உடையைத் தனியாகத் துவையுங்கள். அரிப்புக்கான மாத்திரையை மருத்துவரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். மூச்சு வாங்கினாலோ, உதடும் முகமும் வீங்கினாலோ, தலை சுற்றினாலோ காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். கண்ணில் பட்டால் சுத்தமான நீரால் கழுவிவிட்டு அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். ரோமம் கண்ணுக்குள் நகர்ந்து உள்ளே போகக்கூடியது, பல நாள் கழித்தும் அழற்சி வரும்.

புழு சாது, அதன் தீனி சாது இல்லை என்ற நிலையும் உண்டு. அரளியின் இலையிலும் பாலிலும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு இருக்கிறது. வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழுவுக்காக எருக்கு பறிப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். எருக்கம்பால் கண்ணில் தெறித்தால் முதலில் வலியே தெரியாமல் பார்வை மட்டும் மங்கலாம். வலியில்லையே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். இலை பறிப்பதைப் பெரியவர்கள் செய்யட்டும், பறித்ததும் கை கழுவட்டும்.

இனி சட்டம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'விலங்கு' என்றால் யானையும் புலியும் மட்டும் அல்ல. முதுகெலும்பில்லாத உயிர்களும், அவற்றின் முட்டையும் இளம் பருவமும் அதற்குள் அடங்கும். புழு என்பது பட்டாம்பூச்சியின் இளம் பருவம்தானே. பாதுகாக்கப்படும் இனங்களைப் பட்டியலிடும் இதன் அட்டவணைகளில் உள்ள இனத்தைப் பிடிப்பதே சட்டத்தின் கண்ணில் வேட்டை. காட்டில் பிடித்தாலும் கொல்லைப்புறத்தில் பிடித்தாலும் ஒன்றுதான். முதல் அட்டவணை இனமென்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகம் 7 ஆண்டு சிறை, ரூ.25,000-க்குக் குறையாத அபராதம். தெரியாமல் செய்தேன் என்று தப்பித்துக்கொள்வது எளிதல்ல. ஆடுதீண்டாப்பாளையில் வளரும் சிவப்புடல் அழகி இந்தச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் நெடுங்காலம் இருந்துவரும் பட்டாம்பூச்சி. மூலிகைக்காக அந்தக் கொடியை வளர்க்கிற வீட்டிலேயே அதன் கருஞ்சிவப்புப் புழு வந்து மேயும். அதைப் பாருங்கள், படமெடுங்கள், பெட்டியில் அடைக்காதீர்கள். 2022 திருத்தத்தால் ஆறு அட்டவணைகள் நான்காகி, 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கின்றன. பழைய பட்டியலை நம்பாமல் வனத்துறையிடம் கேட்டுத் தெளிவு பெறுவது நல்லது. வேளாண் கல்லூரிக்குப் பூச்சிப் பெட்டி தயாரிக்கும் மாணவர்களுக்கும் இது பொருந்தும்.

காப்புக்காட்டிலிருந்தும் சரணாலயத்திலிருந்தும் எந்தப் புழுவையும் எடுத்துவரக் கூடாது. 2008-இல் டார்ஜிலிங் அருகே சிங்கலிலா தேசியப் பூங்காவில் அனுமதியின்றிப் பூச்சி சேகரித்த செக் நாட்டவர் இருவர் கைதானார்கள். ஒருவருக்கு அபராதம், மற்றவருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கு என்று வந்துவிட்டால் உங்களுக்கும் உரிமைகள் உண்டு. கைதுக்கான காரணத்தைச் சொல்லியாக வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்கலாம்.

வெளிநாட்டு விற்பனையாளரிடம் இணையத்தில் முட்டையோ கூட்டுப்புழுவோ வாங்குவது இதைவிடப் பெரிய தவறு. உயிருள்ள பூச்சியை இறக்குமதி செய்ய மத்திய அரசின் அனுமதி வேண்டும். காரணம் வரலாற்றில் இருக்கிறது. 1860-களின் இறுதியில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், மெட்ஃபோர்டு என்ற ஊரில், எத்தியேன் துருவலோ என்பவர் ஐரோப்பாவிலிருந்து ஓர் அந்துப்பூச்சியைக் கொண்டுவந்து வீட்டுப் பின்புறத்தில் வளர்த்தார். சில புழுக்கள் தப்பின. இருபது ஆண்டுகளில் ஊர் மரங்களெல்லாம் மொட்டையாயின. இன்றும் அமெரிக்கக் காடுகள் அந்தப் பூச்சியோடு போராடிக்கொண்டிருக்கின்றன.

அப்படியானால் எதை வளர்க்கலாம்? உங்கள் வீட்டு எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் வரும் எலுமிச்சை அழகியின் புழு தொடக்கக்காரர்களுக்கு ஏற்றது. சின்ன வயதில் பறவை எச்சம் போலக் கிடந்து, பிறகு பச்சையாகிக் கொழுக்கும். குழந்தைகளுக்கென்றால் பட்டுப்புழுவே போதும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பட்டு விவசாயிகளிடம் கேட்டால் புழுவும் முசுக்கொட்டை இலையும் கிடைக்கும். கடையில் வாங்கிய கறிவேப்பிலையை மட்டும் போடாதீர்கள். அதில் மருந்து அடித்திருந்தால் புழு துடிதுடித்துச் சாகும். காற்றோட்டமான பெட்டி, தினமும் புது இலை, எச்சத்தை அகற்றுவது, கிளை நிற்கும் தண்ணீர்ப் புட்டியின் வாயைப் பஞ்சால் அடைப்பது, இவ்வளவுதான் வேலை. பருந்து அந்துப்பூச்சிப் புழுவென்றால் இறங்கிப் புதைய அடியில் ஈர மண் வேண்டும்.

படத்துக்காகப் புழுவை வதைக்காதீர்கள். அசையாமல் இருக்கட்டும் என்று ஃபிரிட்ஜில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். எலுமிச்சை அழகியின் புழு தலைக்குப் பின்னாலிருந்து நீட்டும் கொம்பு போன்ற உறுப்பைப் படம்பிடிக்கக் குச்சியால் திரும்பத் திரும்பக் குத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த உறுப்பு எதிரிக்கு அஞ்சித்தான் வெளியே வருகிறது. தோலுரிக்கும் முன் புழு ஒரு நாள் போல அசையாமல் கிடக்கும். அப்போது இடம் மாற்றினால் பழைய தோலிலேயே சிக்கிச் சாகலாம். வெயிலில் வைக்காமல், சன்னல் வெளிச்சத்தில் எடுங்கள்.

வெளியிடும்போது இனப் பெயர் உறுதியாகத் தெரியாவிட்டால் 'விஷப்புழு' என்று எழுத வேண்டாம். 2022-இல் பரவிய பீதி அப்படிப்பட்ட ஒரு சொல்லிலிருந்து வந்ததுதான். அரிய இனமென்றால் இருப்பிடக் குறிப்பை நீக்கிவிடுங்கள், விற்பவர்களும் அதைத்தான் தேடுகிறார்கள். நீங்கள் எடுத்த படத்தின் பதிப்புரிமை, 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, உங்களுடையது. அதற்குப் பதிவு கட்டாயமில்லை. யாராவது உங்கள் படத்தை எடுத்துப் பொய்ச் செய்தியோடு பரப்பினால், அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பீதி கிளப்பும் செய்தியாக இருந்தால் சைபர் குற்றப் பிரிவிலும் சொல்லுங்கள். உரிமையை நிலைநாட்ட, வெட்டித் திருத்தாத மூலக் கோப்பை நாளும் நேரமும் அழியாமல் சேமித்து வையுங்கள்.