விபத்து இன்ஷூரன்ஸும் கிராமச் சாலைப் பாதுகாப்பும்

இலத்தூர்ச் சுற்றுப்புறத்துச் சாலைகளில் ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலம் செல்வோர் வண்டிகளும், கார்த்திகை, மார்கழி மாதங்களில் சபரிமலை யாத்ரீகர் வண்டிகளும் மிகுதி. கார், பிசான நெல்லை ஏற்றிய டிராக்டர்களும் அதே சாலைகளில்தான் செல்ல வேண்டியிருக்கின்றன. ஆகவே சாலை விபத்தென்பது பட்டணத்தார்க்கு மட்டுமேயுரிய விஷயமன்று.

விதை நேர்த்திக்குச் செலவிடும் சிறு தொகை, நோய் கண்டபின் மருந்துக்காகும் பெருந்தொகையை மிச்சப்படுத்துவதைக் குடியானவர் அறிவர். இவ்வுண்மையை ஒரு விபத்து இன்ஷூரன்ஸ் ஸ்தாபனம் கைக்கொண்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணத்தில், அரசாங்கத்திற்குரிய போக்குவரத்து விபத்துக் கமிஷன் 1987 ஜனவரி முதல் வேலை செய்து வருகிறது. வண்டியைப் பதிவு செய்யும்பொழுது உடையவர் செலுத்தும் கட்டணமே அதன் மூலதனம். குற்றம் யாருடையதென்று பாராமல், காயமுற்றோரின் வைத்தியச் செலவை அது ஏற்கிறது. காயங்கள் குறைந்தால் செலவும் குறையுமாதலின், 1989 முதல் பிரசாரத்திற்கும் பணம் ஒதுக்கி வருகிறது; ஸ்தல ஸ்தாபனங்களுக்கும் ஊர்ச் சங்கங்களுக்கும் மானியம் அளிக்கிறது. ஊரார் தங்கள் சாலையிலுள்ள அபாயம் இன்னதென்றும், அதற்குப் பரிகாரம் இன்னதென்றும் காட்டி விண்ணப்பித்தல் வேண்டும்.

அம்மாகாணத்தில் 1970இல் 1,061 பேர் சாலையில் மாண்டனர். 2024இல் இத்தொகை 300க்கும் குறைவு. இருக்கைப் பட்டைச் சட்டம், குடித்து ஓட்டுவோரைச் சோதித்தல், வேகக் கட்டுப்பாடு ஆகியவையும் இப்பலனுக்குக் காரணங்களாம்.

நம் நாட்டில் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் சட்டப்படி கட்டாயமானது. 2022ஆம் ஆண்டு விதிகளின்படி அமைந்த மோட்டார் வாகன விபத்து நிதிக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பணம் செலுத்துகின்றன. இந்நிதி பெரும்பாலும் சிகிச்சைக்கும் நஷ்டஈட்டுக்கும் உரியது. 2025ஆம் ஆண்டுத் திட்டப்படி, காயமுற்றவர் ஏழு நாள் வரை ரூ.1.5 லட்சம் வரையில் ரொக்கமின்றிச் சிகிச்சை பெறலாம். மோதிய வண்டி நிற்காமல் ஓடிவிடின், 2022 ஏப்ரல் முதல் நேர்ந்த விபத்துகளில் மரணத்திற்கு ரூ.2 லட்சமும், கொடுங்காயத்திற்கு ரூ.50,000மும் உண்டு. இதனைத் தாலுகாவின் ரெவினியூ அதிகாரி மூலம் கோருதல் வேண்டும். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு உதவுகிறது. இவற்றைக் கிராம அதிகாரிகள் ஊராருக்கு எடுத்துரைப்பது பெரும் உபகாரமாகும்.

டிராக்டர் உடையோர் முக்கியமாய்க் கவனிக்க வேண்டியதொன்றுண்டு. இன்ஷூரன்ஸ் இல்லாத டிராக்டரால் ஒருவர் இறப்பின், ஈட்டுத்தொகை உடையவரின் சொந்தச் சொத்திலிருந்தே செல்ல வேண்டும். தலைமுறையாய் வந்த நஞ்சையும் அதற்குப் பொறுப்பாகக்கூடும். இன்ஷூரன்ஸ் இருப்பினும், டிரெயிலரில் ஆட்களை ஏற்றிச் சென்றால் கம்பெனி பொறுப்பேற்க மறுக்கலாம்.

மானியத்தை எதிர்பாராமல் ஊரார் உடனே செய்யத்தக்கவையும் பல:

1. டிரெயிலர், மாட்டு வண்டி ஆகியவற்றின் பின்புறம் சிவப்பு ஒளித்தகடு பொருத்துதல்.
2. நெல்லையும் வைக்கோலையும் சாலையில் பரப்பாமல் களத்தில் உலர்த்துதல்.
3. பழுதான வண்டியை இருளில் சாலையோரம் விளக்கின்றி விடாதிருத்தல்.
4. விபத்து அடிக்கடி நேரும் இடங்களைக் குறித்து, பஞ்சாயத்து மூலம் நெடுஞ்சாலை இலாகாவுக்கு எழுதுதல்.

ஒளித்தகட்டின் விலை ஒரு மூட்டை உரத்தின் விலைக்கும் குறைவு. அடுத்த அறுவடைக்கு முன் ஒவ்வொரு டிரெயிலரிலும் அது இருத்தல் வேண்டும்.