கோட்டையூர் சேர்த்த ஏடுகள்

'எந்நூல்களைப் படிக்கலாம்?' என மாணவர்கள் நம்மிடம் வினவுவதுண்டு. விடை கூறுமுன், தேவகோட்டைக்கு அணித்தேயுள்ள கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா செட்டியாரை நினைவுகூர விழைகின்றோம்.

விளம்பரப் பலகை எழுதும் ஓவியர் அவர். இலக்கியம், சித்த மருத்துவம், இதழ்கள் ஆகியவற்றோடு, கற்றோர் பொருட்படுத்தாத பாட்டுப் புத்தகங்களையும் நாடக நோட்டீசுகளையும் திருமண அழைப்புகளையும்கூடத் தேடிச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபோது திரட்டு ஏறத்தாழ ஓர் இலட்சம் உருப்படிகளை எட்டியிருந்தது. சிகாகோ பல்கலைக்கழகம் அதனை விலைகொடுத்துப் பெற, 1994இல் அவர் பெயராலேயே சென்னையில் ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. நாடக வரலாறு எழுதப் புகுவோர்க்கு இன்று அந்நோட்டீசுகளே சான்று. கடல் கடந்தவர்கள் மதித்த பிறகே நாம் மதித்தோம் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பாடநூலுக்கு அப்பாலும் ஒரு நூலைப் பரிந்துரைக்கலாம். தேவகோட்டையோடு தொடர்புடைய சின்ன அண்ணாமலையின் தன்வரலாறாகிய 'சொன்னால் நம்பமாட்டீர்கள்' அது. 1942இல் திருவாடானைச் சிறையை மக்கள் உடைத்து அவரை விடுவித்த செய்தி, சுவை குன்றாமல் அதில் உள்ளது. பின்னாளில் அவர் சென்னையில் தமிழ்ப் பண்ணை என்னும் பதிப்பகம் நடத்தினார்.

அத்தகைய வெளியீடுகள் நம் வட்டாரத்து வீட்டுப் பரண்களில் இன்னும் கிடக்கக்கூடும். பழைய கட்டொன்றைப் பிரித்துப் பாராமலே எடைக்குப் போட்ட கைகளுள் நம் கையும் ஒன்று. அதில் என்ன இருந்ததென்று இனி அறிய வழியில்லை. வரும் விடுமுறையில் வீட்டை ஒழுங்கு செய்யும் பெரியவர்கள், கட்டுகளை மாணவர் கையில் ஒருநாள் கொடுத்துப் பார்க்குமாறு வேண்டுகிறோம்.